கீழ்த் தட்டில் வைத்ததெல்லாம் உறைந்துபோகிறதா? ஃப்ரிட்ஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தயிர் கல்லாகிவிடுகிறது. கீரை கண்ணாடி மாதிரி விறைத்து, வெளியே எடுத்ததும் குழைந்துபோகிறது. முட்டை ஓடு நெடுக விரிசல் விடுகிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளிலிருந்து இந்தக் குறையோடு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவரவர் கேட்டபடியே கீழே இருக்கின்றன. முதல் மூன்றையும் எல்லோரும் படித்துவிடுங்கள். பிறகு உங்கள் ஃப்ரிட்ஜ் வகைக்கு ஏற்ற இடத்துக்குப் போகலாம்.

1. கீழ வெச்ச பால், தயிர் எல்லாம் ஐஸாயிடுதுண்ணா. கேஸ் ஜாஸ்தியாயிடுச்சா?

கேஸ் தானாக அதிகமாகாது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கசிந்தால் குறையும், யாராவது அளவில்லாமல் ஏற்றியிருந்தால்தான் கூடும். அதனால், உறைகிறது என்றதும் கேஸைப் பற்றிப் பேசுகிறவரைக் கொஞ்சம் நிறுத்தி, மற்றதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழே உறைவதற்கு அடிப்படையில் இரண்டே வழிதான். குளிர் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை என்பது ஒன்று. சரியாக நிற்கிறது, ஆனால் போகக்கூடாத இடத்தில் போய்க் கொட்டுகிறது என்பது இன்னொன்று. இவற்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேஸ் குறைந்து அதனாலேயே உறைகிற விசித்திரமும் உண்டு. அது 11-ம் கேள்வியில் இருக்கிறது.

2. அப்போ மொதல்ல எதைப் பார்க்கணும்?

கம்ப்ரசர் நிற்கிறதா இல்லையா என்று. இரவு எல்லோரும் படுத்த பிறகு நாப்பைக் குறைந்த எண்ணில் வைத்து, 2 மணி நேரம் கதவைத் திறக்காமல் விடுங்கள். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தால் கம்ப்ரசர் ஓடும் அதிர்வு தெரியும். அது அடங்கி, சில நிமிடம் கழித்து மறுபடி வந்தால் கட்-ஆஃப் வேலை செய்கிறது. குளிர் போகும் பாதையில்தான் கோளாறு. 4 முதல் 8 வரையுள்ள கேள்விகளைப் பாருங்கள். 2 மணி நேரமும் அதிர்வு அடங்கவே இல்லையென்றால் 9-க்குப் போங்கள்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். அதுதான் அதன் இயல்பு. அந்த வகைக்குத் தெர்மாமீட்டர்தான் பேச வேண்டும்.

3. கையில தொட்டா ஜில்லுனு இருக்கு. தெர்மாமீட்டர் எல்லாம் எதுக்கு?

1 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது, கீரைக்குத் தெரியும். பால் உறைவது ஏறக்குறைய மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸில். அதாவது ஃப்ரிட்ஜ் பூஜ்யத்துக்கு ஒரு நூல் கீழே இறங்கினாலே போதும். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரை அதில் போட்டு, நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் படியுங்கள். 3 முதல் 5 டிகிரி இருக்க வேண்டும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18. காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

காற்றில் தொங்கவிட்டு அளந்தால் கதவைத் திறந்த நொடியே எண் ஏறிவிடும். தண்ணீரில் இருந்தால் ஏறாது. அதனால்தான் டம்ளர்.

4. 7-ல வெச்சாத்தானே மீன் கெடாம இருக்கும்? அதான் எப்பவும் 7-லயே விட்டுடறோம்.

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வாங்கிய மீனுக்காகத் திருகிய நாப், அடுத்த ஞாயிறு வரை அப்படியே நிற்கும். வீடுகளில் பார்த்தால் உறைவதற்கு முதல் காரணம் இதுதான். சிங்கிள் டோரில் ஃப்ரீசருக்கும் கீழ்ப் பகுதிக்கும் சேர்த்து ஒரே தெர்மோஸ்டாட். குளிர் போதுமானதும் கம்ப்ரசரை நிறுத்துவது அதுதான். மேலே கூட்டினால் கீழேயும் கூடும். தனித்தனியாக வைக்க வழியே இல்லை.

மீனைக் கழுவி, தண்ணீர் வடித்து, அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தட்டையான பையில் கட்டி, ஃப்ரீசர் தகட்டில் படுகிற மாதிரி பரப்பி வையுங்கள். உருண்டையாகக் கட்டினால் நடுவில் உறைய அரை நாளுக்கு மேல் ஆகும். தட்டையாக இருந்தால் சில மணி நேரம் போதும். அதுவரை நாப் உயரத்தில் இருக்கட்டும், உறைந்ததும் இறக்கிவிடுங்கள். மற்ற நாளில் சித்திரை, வைகாசி வெயிலுக்கு 4 அல்லது 5. ஐப்பசி மழை தொடங்கியது முதல் தை முடியும் வரை 2 அல்லது 3. வெயில் காலத்து எண்ணை மழைக்காலத்திலும் விட்டுவைத்தால் உறையத்தான் செய்யும்.

5. சிங்கிள் டோர். மேல் தட்டுல வெக்கறது மட்டும்தான் உறையுது. கீழ நல்லாத்தான் இருக்கு.

ஃப்ரீசர் பெட்டிக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் டிரே இருக்க வேண்டும். சில் டிரே என்பார்கள். சொட்டும் தண்ணீரைப் பிடிப்பது அதன் பாதி வேலை. கனமான குளிர்காற்று நேராகக் கீழே விழாமல் ஓரங்கள் வழியே மெதுவாக இறங்கச் செய்வது மீதி வேலை. "இடத்தை அடைக்கிறது" என்று அதைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டுவிட்ட வீடுகள் நிறைய. திரும்ப மாட்டுங்கள். உடைந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லி அதே அளவில் வாங்குங்கள். அந்த டிரேக்குள் வைப்பது உறைந்தால் அது கோளாறு இல்லை. அந்த இடம் அதற்குத்தான்.

6. டபுள் டோர்ல மாவு பாத்திரம் ஒரு பக்கம் மட்டும் ஐஸ் பிடிக்குது, மறுபக்கம் சாதாரணமா இருக்கு.

அந்த ஐஸ் பிடித்த பக்கம் பின்சுவரைப் பார்த்தபடி இருந்திருக்கும். டபுள் டோரில் குளிரை உண்டாக்கும் சுருள் ஃப்ரீசரின் பின்னால் மறைவாக இருக்கிறது. ஒரு ஃபேன் அந்தக் காற்றைத் தள்ளி, கீழ்ப் பகுதியின் பின்சுவரில் உள்ள துளைகள் வழியாக விடுகிறது. துளையிலிருந்து வரும் காற்று பூஜ்யத்துக்கும் நன்றாகக் கீழே இருக்கும். அதன் வாயில் பாத்திரத்தை வைத்தால் அந்தப் பக்கம் உறையும், அடைபட்ட காற்று போகாத மூலையில் சாம்பார் புளிக்கும். துளைக்கும் பாத்திரத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மாவு கீழ்த் தட்டில் இருக்கட்டும்.

காலியான ஃப்ரிட்ஜும் உறையவைக்கும். உள்ளே சரக்கே இல்லாதபோது குளிரை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இருக்கும் இரண்டு தக்காளிதான் எல்லாவற்றையும் வாங்கும். நாலைந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தால் ஏற்ற இறக்கம் குறையும்.

7. மேல ஒரு நாப், கீழ ஒரு நாப் இருக்கே. எதைத் திருப்பணும்?

பழைய டபுள் டோர் பலவற்றில் ஒன்றுதான் தெர்மோஸ்டாட். மற்றது காற்றுப் பாதையில் உள்ள சின்னப் பலகையைத் திறந்து மூடுவது. குளிரை உண்டாக்காது, பங்கு பிரிக்கும். எது எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டையும் நடு எண்ணில் வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு ஒன்றை மட்டும் ஒரு எண் மாற்றி, 24 மணி நேரம் கழித்து டம்ளரைப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டையும் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

8. கீரை, கொத்தமல்லி வெக்கற டிரேல மட்டும் ஐஸ் வருது.

டிரேக்கு மேலே உள்ள கண்ணாடி மூடி எங்கே? உடைந்த பிறகு வெறும் கம்பித் தட்டோடு ஓட்டினால் குளிர்காற்று முழுக்க அந்தப் பள்ளத்தில் தேங்கும். கண்ணாடிக் கடையில் அதே அளவு, அதே கனத்தில் வெட்டி, விளிம்பைத் தேய்த்து வாங்கிப் போடலாம். மூடி இருந்தும் உறைந்தால், டிரேயை முழுக்க உள்ளே தள்ளி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

9. ராத்திரி பூரா பார்த்தேன் சார், கம்ப்ரசர் நிக்கவே இல்ல. இப்போ?

சிங்கிள் டோர் என்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். முதல் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம்: நாப்பைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். 'டக்' என்று கேட்டு கம்ப்ரசர் நிற்க வேண்டும். பூஜ்யத்திலும் ஓடினால் உள்ளே கரன்ட்டைச் சேர்த்துத் துண்டிக்கும் பாயின்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது, அல்லது யாரோ தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு ஒயரை நேராக முறுக்கிவைத்திருக்கிறார்கள். "தற்காலிகமா டைரக்ட் பண்ணியிருக்கேன்" என்று செய்த அந்த வேலை வருடக்கணக்கில் அப்படியே கிடப்பதும் உண்டு.

பூஜ்யத்தில் நிற்கிறது, மற்ற எண்களில் நிற்கவில்லை என்றால் கேப்பிலரி குழாயைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டிலிருந்து மெல்லிய உலோகக் குழாய் ஒன்று போய், அதன் நுனி ஃப்ரீசர் தகட்டில் கிளிப்பால் இறுக்கப்பட்டிருக்கும். தகடு எவ்வளவு குளிர்ந்தது என்று அந்த நுனிதான் சொல்லும். ஐஸைச் சுரண்டும்போது கிளிப் நழுவி நுனி காற்றில் நின்றால், தகடு மைனஸ் 25 ஆனாலும் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது, ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, நுனியைத் தகட்டோடு ஒட்டவைத்துக் கிளிப்பை இறுக்கினால் செலவில்லாமல் தீரும்.

கிளிப் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சோதியுங்கள். கழற்றும் முன் ஒயர்கள் எந்தக் காலில் இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துவிடுங்கள். நொறுக்கிய ஐஸ் 3 பங்கு, கல்லுப்பு 1 பங்கு கலந்தால் கலவை மைனஸ் 15-க்கும் கீழே போகும். நாப்பை 1-ல் வைத்து, மல்டிமீட்டரை (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்படி வைத்து) இரண்டு கால்களிலும் பிடித்து, கேப்பிலரியின் கடைசி ஒரு சாண் நீளத்தை அந்தக் கலவையில் முக்குங்கள். சில நிமிடத்தில் 'டக்' கேட்டு மீட்டரின் பீப் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் தெர்மோஸ்டாட் போய்விட்டது. கேப்பிலரி உடைந்து உள்ளிருந்த ஆவி வெளியேறியிருந்தால் நடப்பது நேர் எதிர்: ஃப்ரிட்ஜ் ஓடவே ஓடாது. அதனால் 'குழாய் லீக், அதான் உறையுது' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

10. புது தெர்மோஸ்டாட் எதைப் போட்டாலும் ஒண்ணுதானா?

இல்லை. சிங்கிள் டோருக்கு ஒன்று, டபுள் டோருக்கு ஒன்று, டீப் ஃப்ரீசருக்கு ஒன்று. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். எந்த டிகிரியில் நிற்கும் என்பது வேறு. டீப் ஃப்ரீசர் தெர்மோஸ்டாட்டை வீட்டு ஃப்ரிட்ஜில் மாட்டினால் பழைய நோய் அப்படியே தொடரும். பழையதன் மேல் அச்சடித்த எண்ணைக் காட்டி வாங்குங்கள். கேப்பிலரி நீளமும் ஒத்திருக்க வேண்டும். மிச்சக் குழாயைப் பெரிய வளையமாகச் சுற்றிவையுங்கள். கூர்மையாக மடித்தால் அடைத்துக்கொள்ளும். பழைய குழாய்க்கு பிளாஸ்டிக் உறை இருந்தால் அதே இடத்தில் புதியதற்கும் போடுங்கள்.

11. தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, கிளிப்பும் சரி. இன்னும் நிக்காம ஓடுது, ஒரு மூலைல மட்டும் ஐஸ் மலையா இருக்கு.

1-ம் கேள்வியில் சொன்ன விசித்திரம் இதுதான். கேஸ் பாதி கசிந்திருந்தால், மிச்சமுள்ளது தகட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஆவியாகித் தீர்ந்துவிடும். அந்த மூலை மட்டும் வெள்ளையாகப் பனி பூக்கும், மற்ற பாதி வெறும் தகடாக ஈரத்தோடு நிற்கும். தெர்மோஸ்டாட்டின் நுனி அந்த வெறும் பாதியில் இருந்தால் அதற்கு 'போதும்' என்ற செய்தி போகவே போகாது. கம்ப்ரசர் ஓடும், பனி மூலையை ஒட்டி வைத்தது உறையும், ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இளகும். ஐஸை முழுக்கக் கரைத்து, மறுபடி போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்: தகடு முழுக்க ஒரே சீராகப் பனி பூத்தால் கேஸ் சரி, ஒரு பகுதி மட்டும் பூத்தால் கசிவு.

கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. எவ்வளவு கிராம் என்று ஃப்ரிட்ஜின் பின்னால் லேபிளில் இருக்கும். எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். லேபிளில் ஆர்600ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. சன்னல் கதவைத் திறந்துவைத்து, குழாயில் உள்ளதை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் நெருப்பை அருகில் கொண்டுவர வேண்டும். காற்றோட்டமில்லாத சமையலறையில், பக்கத்தில் அடுப்பு எரிய, இதைச் செய்ய விடாதீர்கள்.

12. டபுள் டோர். எல்லாத் தட்டும் உறையுது, நாப் 1-ல இருக்கு.

டேம்பரைப் பாருங்கள். ஃப்ரீசரிலிருந்து கீழே காற்று இறங்கும் பாதையில் ஒரு சின்னக் கதவு உண்டு; கீழே போதுமான குளிர் வந்ததும் அது மூட வேண்டும். ஈரம் உறைந்து அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஃப்ரீசர் காற்று நிற்காமல் கீழே இறங்கும். குளிரை அளந்து சொல்லும் சென்சார் உள்ள மாடல்கள் பலவற்றில் பிளக் போட்டதும் ஃப்ரிட்ஜின் எலக்ட்ரானிக் போர்டு இந்தக் கதவை ஒருமுறை அசைத்துப் பார்க்கும்; 'கிர்ர்' என்ற சன்னமான சத்தம் கேட்கும். சத்தம் வந்தும் காற்று நிற்கவில்லையென்றால் அந்தக் கதவை அசைக்கும் சக்கரத்தின் பல் உடைந்திருக்கலாம், அல்லது தெர்மோகோல் உறை விரிசல் விட்டிருக்கலாம்.

முதல் சிகிச்சை எளிது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்தபடி ஒரு முழு நாள் விடுங்கள். கீழே பழைய துணி விரியுங்கள். போட்டபின் சரியாக ஓடி, இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் உறைந்தால் ஈரம் எங்கிருந்தோ வருகிறது: கதவு ரப்பர் (15-ம் கேள்வி), ஐஸைக் கரைக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டர், அடைத்த வடிகால் துளை, இந்த வரிசையில் தேடுங்கள். சூடான ஹேர் டிரையரைத் தெர்மோகோல் மேல் காட்டினால் உருகிவிடும்.

13. சென்சார் போயிடுச்சுன்றாங்க. அதை எப்படி நம்பறது?

அளந்து பார்த்து நம்பலாம். இந்த சென்சாரில் குளிர ஓம் (மின்தடையின் அளவு) ஏறும், சூடாக ஓம் இறங்கும். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கலக்கினால் அது பூஜ்ய டிகிரி. ஃப்ரிட்ஜ் போர்டிலிருந்து சென்சார் ஒயரின் கனெக்டரைக் கழற்றி, சென்சார் நுனியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதில் 10 நிமிடம் வைத்து அளங்கள். 25 டிகிரியில் 5 கிலோ ஓம் காட்டும் வகை 14 முதல் 17 வரை வர வேண்டும். 10 கிலோ ஓம் வகை 28 முதல் 34 வரை. எந்த வகை என்பது மாடலின் சர்வீஸ் தாளில் இருக்கும்.

எண் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக வந்தால்தான் உறையும். குறைந்த ஓம் என்றால் போர்டு 'இன்னும் சூடாக இருக்கிறது' என்று நினைத்துக் குளிரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதிகமாக வந்தால் எதிர்மாறாக ஃப்ரிட்ஜ் சூடாகும். உறைகிற ஃப்ரிட்ஜுக்கு 'ஓம் ஏறிப்போச்சு' என்று சொல்லி சென்சார் மாற்றினால் கணக்கு உதைக்கிறது.

14. டிஸ்ப்ளேல 4 டிகிரி காட்டுது. உள்ள தண்ணி பாட்டில் உறைஞ்சிருக்கு. எது நிஜம்?

பாட்டில்தான். பல மாடல்களில் டிஸ்ப்ளே காட்டுவது நீங்கள் கேட்ட எண், உள்ளே இருக்கும் டிகிரி அல்ல. சூப்பர் கூல் போன்ற பொத்தானைக் குழந்தைகள் அழுத்திவிட்டார்களா என்று பாருங்கள். ஃப்ரீசரை ஃப்ரிட்ஜாக மாற்றிக்கொள்ளும் வகை என்றால் எந்த மோடில் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் சென்சார் இருக்கும் சின்னக் கம்பி மூடிக்குப் பக்கத்தில் சூடான ரசத்தை வைக்கிற பழக்கம் இருக்கிறதா? ரசம் ஆறும் வரை போர்டு மொத்த ஃப்ரிட்ஜையும் சூடு என்றே நினைக்கும்.

15. கதவு ரப்பர் லூஸா இருந்தா சூடுதானே ஆகணும், எப்படி உறையும்?

நியாயமான கேள்வி. கதவோரம் சூடாகத்தான் ஆகும். அந்தச் சூட்டைச் சமாளிக்க கம்ப்ரசர் கூடுதலாக ஓடும், அதன் குளிரைப் பின்சுவரை ஒட்டி இருப்பவை வாங்கிக்கொள்ளும். கதவில் வைத்த பால் கெட்டு, உள்ளே தள்ளி வைத்த தயிர் உறைந்தால் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள், நான்கு பக்கமும். பிடிப்பு இல்லாமல் உருவி வருகிற இடம்தான் ஓட்டை. சோப்புத் தண்ணீரில் மடிப்புக்குள் துடைத்து, வெந்நீரில் பிழிந்த துணியால் ஒற்றி, கையால் இழுத்து உருக்கொடுத்தால் பல ரப்பர்கள் மீளும். கிழிந்தது மீளாது.

16. கடல் பக்கத்துல வீடு. உப்புக்காத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. உப்பும் ஈரமும் சேர்ந்து சென்சார் கனெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே படிந்தால் அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் கசியும். சென்சாரின் ஓம் குறைந்த மாதிரி போர்டுக்குத் தெரியும். விளைவு 13-ல் சொன்னதுதான். சென்சாரை மாற்றும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஃப்ரிட்ஜின் அடிப்பகுதி நனைந்திருந்தால், காய்ந்துவிட்டது என்று பிளக் போடாதீர்கள். கம்ப்ரசர் டெர்மினலையும், கீழே போர்டு இருந்தால் அதையும் சுத்தம் செய்த பிறகுதான்.

17. ஸ்டெபிலைசர் போட்டா உறையறது நிக்குமா?

உறைந்துகொண்டிருப்பதை அது நிறுத்தாது. ஆனால் கரன்ட் போய் உடனே வரும்போது கம்ப்ரசர் அழுத்தத்தோடு கிளம்ப முயன்று பெரிய கரன்ட்டை இழுக்கும். தெர்மோஸ்டாட் பாயின்ட் ஒட்டிக்கொள்ள அது ஒரு முக்கியக் காரணம். 3 முதல் 5 நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் அதைத் தடுக்கும். இல்லாதவர்கள் கரன்ட் போனதும் ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்து, வந்து 5 நிமிடம் கழித்துப் போடுங்கள்.

18. ஐஸை கத்தியால கொத்தி எடுக்கலாமா?

கூடாது. தகடு மெல்லிய அலுமினியம், உள்ளே கேஸ் குழாய். ஒரு குத்தில் 11-ம் கேள்வியின் நோய் வந்து சேரும். அரை சென்டிமீட்டர் ஐஸ் சேர்ந்ததுமே டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், அல்லது அணைத்துவிட்டு ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வையுங்கள்.

19. உறைஞ்ச சாமானை எல்லாம் தூக்கிப் போடணுமா?

பால் இளகிய பிறகு திரிதிரியாக இருக்கலாம். புளிக்காவிட்டால் காய்ச்சி டீக்குப் போடலாம். தயிர் நீர்த்துப்போகும், மோருக்கு ஆகும். ஓடு விரிந்த முட்டை வேண்டாம். கீரையை இளகவிடாமல் அப்படியே கொதிக்கும் பருப்பில் போட்டுக் கடைந்துவிடுங்கள். தோசை மாவு உறைந்தால் பொங்கும் தன்மை குறையும். இட்லிக்குச் சரிவராது, தோசைக்கு ஓடும்.

20. அம்மாவோட இன்சுலின் உறைஞ்சு, திரும்ப தண்ணியாயிடுச்சு. பார்க்க நல்லாத்தான் இருக்கு. போடலாமா?

போடக்கூடாது. உறைந்த இன்சுலின் இளகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது. அதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃப்ரீசருக்கு அடியிலும் காற்றுத் துளை எதிரிலும் வைக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில் போட்டு, நடுத்தட்டின் முன்பக்கத்தில் டம்ளர் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். தினமும் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டிலோ பேனாவோ எத்தனை நாள், எத்தனை டிகிரி வரை வெளியே இருக்கலாம் என்பது அதன் அட்டையிலேயே இருக்கும். மே மாதத்துச் சென்னையில் அந்த டிகிரியை வீட்டின் சூடு தாண்டிவிடும். ஃப்ரிட்ஜ் சரியாகும் வரை பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு டப்பாவுக்கு இடம் கேளுங்கள். கொடுத்துவிட்டு வரும்போது அந்த ஃப்ரிட்ஜின் நாப் எந்த எண்ணில் இருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.